ஆம்ப் பெட்டியில போட்ட வாட்ஸும் நிஜமா வர்ற வாட்ஸும்: கிளிப் ஆகாம கெய்ன் செட் பண்றது எப்படி

கார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கப் போறீங்கன்னா பெட்டி மேல இருக்குற நம்பர பாக்காதீங்க, ஆம்ப திருப்பி பவர் வயர் மாட்டுற எடத்துக்குப் பக்கத்துல ஃப்யூஸ் எத்தன ஆம்பியர்னு பாருங்க, வண்டவாளம் அங்கதான் தெரியும். 2000 வாட்ஸ்னு பெருசா போட்டுட்டு 30 ஆம்பியர் ஃப்யூஸ் ஒண்ணே ஒண்ணு சொருகி இருந்தா கணக்கு சிம்பிள். எஞ்சின் ஓடும்போது 13.8 வோல்ட், 30ஆல பெருக்கினா 414 வாட்ஸ், அதுவும் உள்ள போற பவர்தான். கிளாஸ் ஏபி வகை ஆம்ப்னா அதுல பாதிக்கு கொஞ்சம் மேல ஸ்பீக்கருக்குப் போகும், மீதி ஹீட்சிங்க்ல சூடா போயிடும், கிளாஸ் டின்னா 80 சதவீதம் வரைக்கும் தேறும். ஆக 200 டு 330, அவ்ளோதான். சிடிஏ-2006ங்கற ஸ்டாண்டர்ட் (பழைய பேரு சிஇஏ-2006) படி ரேட்டிங் போட்டிருந்தா அது 14.4 வோல்ட், 4 ஓம்ஸ்ல, டிஸ்டார்ஷன் 1 சதவீதத்துக்குள்ள அளந்த நம்பர், அத நம்பலாம்.

ஸ்டீரியோல 4x50ன்னு (நாலு ஸ்பீக்கருக்கும் தலா 50 வாட்ஸ்) போடுறானே, அது கூட முழுப் பொய் இல்லங்க. 14.4 வோல்ட்ட அப்படியே 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் மேல போட்டா 14.4 இன்ட்டு 14.4, வகுத்தல் 4, சுமார் 52 வாட்ஸ் வரும், ஆனா அது முழுசா கிளிப் ஆன, அதாவது தலை தட்டையான ஸ்கொயர் வேவ், கேக்க முடியாது. சுத்தமான சைன் வேவ்ல அதுல பாதி, உள்ள ஐசில விழுற நஷ்டமும் போச்சுன்னா கைக்கு வர்றது 20 வாட்ஸ் பக்கம்.

கிளிப்பிங்னா ஆம்ப் கிட்ட இருக்குற வோல்டேஜ விட அதிகமா கேக்குறோம், அது தர முடியாம மலை உச்சிய சீவி விட்ட மாதிரி வேவோட தலைய தட்டையாக்கிடுது. "ஆம்ப் பவர் கம்மியா இருந்தா ஸ்பீக்கர் போயிடும்"னு கடையில சொல்லுவாங்க, பவர் கம்மியா போறதால எந்த ஸ்பீக்கரும் போகாது. 100 வாட்ஸ் ஆம்ப முழுசா கிளிப் பண்ணா 200 வாட்ஸ் கிட்ட தரும், ஸ்பீக்கர் உள்ள இருக்குற கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) அந்த சூட்டுல கருகும். ட்வீட்டர்தான் மொதல்ல போகும், ஏன்னா தட்டையான வேவ்ல ஹை ஃப்ரீக்வென்சி நெறைய சேர்ந்துடும், ஃப்ரீக்வென்சிய பிரிச்சு அனுப்புற கிராஸ்ஓவர் அத நேரா ட்வீட்டருக்கு அனுப்பிடும்.

சரி, இப்ப கெய்ன். கெய்ன் வால்யூம் கிடையாது, ஸ்டீரியோல இருந்து வர்ற சிக்னலுக்கு ஏத்த மாதிரி ஆம்ப மேட்ச் பண்ற குமிழ், அவ்ளோதான். மொதல்ல பாஸ் பூஸ்ட், லவுட்னெஸ், ஈக்வலைசர் எல்லாத்தையும் ஜீரோவுக்கு கொண்டு வாங்க, கெய்ன அடியோட குறைங்க, ஸ்பீக்கர் வயர கழட்டிடுங்க (கழட்டாம பண்ணா காது போயிடும்). சப்வூஃபருக்குன்னா (சப், பாஸ் ஸ்பீக்கர்) 50 ஹெர்ட்ஸ் 0 டெசிபல் டெஸ்ட் டோன யூஎஸ்பில போட்டு பிளே பண்ணுங்க, ப்ளூடூத் வேணாம். 50 ஹெர்ட்ஸ் ஏன்னா நம்ம வீட்டு கரண்டே 50 ஹெர்ட்ஸ், சீப் மல்டிமீட்டர் கூட அதுல ஒழுங்கா காட்டும், 1000 ஹெர்ட்ஸ்ல பல மீட்டர் உளறும். டோர் ஸ்பீக்கர் சேனலுக்கும் இதே டோன் போதும், பாஸ வெட்டுற ஹைபாஸ் ஃபில்டர மட்டும் அந்த நேரத்துக்கு ஆஃப் பண்ணிக்கோங்க. ஸ்டீரியோ வால்யூம் முக்கால்வாசில நிக்கட்டும், இனிமே அதுக்கு மேல தொடக்கூடாது.

எத்தன வோல்ட் வேணும்? நிஜ ஆர்எம்எஸ் வாட்ஸயும் (தொடர்ந்து தர்ற பவர்) ஓம்ஸயும் பெருக்கி ஸ்கொயர் ரூட் எடுங்க. 100 வாட்ஸ், 4 ஓம்ஸ்னா 20 வோல்ட். 300 வாட்ஸ், 2 ஓம்ஸ்னா 24.5. மீட்டர ஏசி வோல்ட்ல வச்சு ஸ்பீக்கர் டெர்மினல்ல புடிச்சுக்கிட்டு கெய்ன மெதுவா ஏத்துங்க, அந்த நம்பர் வந்ததும் நிறுத்திடுங்க. இதுல ஃப்யூஸ் கணக்குல வந்த நிஜ வாட்ஸ சேனல் எண்ணிக்கையால வகுத்து போடணும், பெட்டி நம்பர போட்டா மொத்தமும் வேஸ்ட். மீட்டருக்கு கிளிப்பிங் தெரியாது, வோல்டேஜ் மட்டும்தான் தெரியும், லோடு இல்லாம அளக்குறோம்ங்கறதால ஒரு வோல்ட் கம்மியாவே விடுங்க. கையில சின்ன ஆஸிலோஸ்கோப் இருந்தா இன்னும் நல்லது, வேவ் தலை தட்டையாகுறத கண்ணாலயே பாக்கலாம், ஆனா பேட்டரில ஓடுற ஸ்கோப்பா இருக்கட்டும், ஸ்டீரியோ ஸ்பீக்கர் மைனஸ் பாடி கிரவுண்ட் கிடையாது, எர்த் கிளிப்ப அதுல மாட்டினா ஐசி போயிடும்.

ஸ்பீக்கர மாட்டிட்டு, நல்லா சத்தமா பாட்டு ஓடும்போது ஆம்ப் பவர் டெர்மினல்ல டிசி வோல்ட் பாருங்க. 14.4ல இருந்து 12க்கு விழுந்தா பவர்ல 30 சதவீதம் காலி, நீங்க செட் பண்ண கெய்ன்லயே கிளிப்பும் ஆகும். அப்ப வயர் மெல்லிசு, இல்லன்னா காப்பர் பூசுன அலுமினியம் வயர், இல்லன்னா பெயின்ட சுரண்டாம கிரவுண்ட் அடிச்சிருக்காங்க. பாஸ் பூஸ்ட பின்னாடி 6 டெசிபல் ஏத்துனீங்கன்னா அந்த எடத்துல நாலு மடங்கு பவர் கேக்குது, செட் பண்ணதெல்லாம் போச்சு, அதனால அத தொடவே தொடாதீங்க.

இதெல்லாம் பண்ணியும் சத்தம் பத்தலன்னா கெய்ன்ல கை வைக்காதீங்க. பவர ரெண்டு மடங்காக்கினாலே 3 டெசிபல்தான் ஏறும், காதுக்கு லேசாத்தான் தெரியும். அதே மாடல் சப் இன்னொண்ணு போட்டு அதுக்கும் அதே அளவு பவர் குடுத்தா 6 டெசிபல் கிட்ட கிடைக்கும், ஆம்ப் எத்தன ஓம்ஸ் வரைக்கும் தாங்கும்னு மட்டும் பாத்துட்டு வயர் பண்ணுங்க.