குரூஸ் கண்ட்ரோல் செட் ஆகவில்லையா? பிரேக் லைட்டைப் பாருங்கள்

பழைய காரில் குரூஸ் கண்ட்ரோல் (எக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தாலும் காரை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் வசதி) செட் ஆகவில்லை என்றால், கராஜுக்குப் போகுமுன் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து பிரேக்கை மிதித்துப் பாருங்கள். லைட் எரியவே இல்லை, அல்லது காலை எடுத்த பிறகும் அணையவில்லை என்றால், பெரும்பாலும் பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் சுவிட்ச், பியூஸ், பல்ப் இவற்றில் ஒன்றுதான் காரணம்.

பிரேக்கைத் தொட்டதும் குரூஸ் விட்டுவிட வேண்டும் என்பதால், அந்தச் சுவிட்சின் சிக்னலை அது எப்போதும் கவனிக்கிறது. பிரேக் மிதிபட்டிருப்பதாக நினைத்தால் பிடிக்காது. சில பழைய மாடல்களில் பல்பின் இழை வழியாகத்தான் அந்த சர்க்கியூட்டே முழுமையாகும்; பல்புகள் போனாலும், எல்ஈடி மாற்றினாலும் குரூஸ் நின்றுவிடும். சுவிட்ச் சின்னச் சாமான்தான், கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடலாம். பிரேக் லைட் எரியாமல் கொழும்பு நெரிசலில் ஓடுவது ஆபத்து, குரூஸ் தேவையில்லை என்றாலும் உடனே மாற்றிவிடுங்கள்.

மாற்றியதும் ஊருக்குள் சோதிக்க வேண்டாம். பெரும்பாலான கார்களில் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே குரூஸ் பிடிக்காது. கொட்டாவையில் அதிவேகப் பாதைக்கு ஏறிப் பாருங்கள்.

லைட் ஒழுங்காக எரிந்தும் பிடிக்கவில்லை, கூடவே ஹோர்னும் அடிக்கவில்லை என்றால் கோளாறு ஸ்டீயரிங்குக்குள் இருக்கலாம். அங்கே ஏர்பேக் இருக்கும், நீங்களே கழற்றாதீர்கள்.