போஸ் வாயுவின் ஒடுக்கத்தைச் சுழற்சி நீளங்களின் நிகழ்தகவில் கண்டறிவது எப்படி?

ஒரே குவாண்டம் நிலையில் எத்தனை வேண்டுமானாலும் இருக்கக்கூடிய துகள்கள் போசான்கள்; அவற்றாலான வாயுவே போஸ் வாயு. அதில் பெரும் எண்ணிக்கையிலான துகள்கள் மிகக் குறைந்த ஆற்றல் நிலையில் குவிவதே ஒடுக்கம். போசான்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாது. ஆகவே ஒரு துகளின் பாதை இன்னொரு துகள் புறப்பட்ட இடத்தில் போய் முடியலாம், அவ்வாறு கோத்துக்கொண்ட பாதைகள் மூடிய சுழற்சிகளாகின்றன. ஒரு சுழற்சியில் கோத்த துகள்களின் எண்ணிக்கையே அதன் நீளம். 1953-இல் இயற்பியலாளர் ஃபெயின்மன் முன்வைத்த இந்தப் பார்வையில், மிக நீண்ட சுழற்சிகள் தோன்றுவதே ஒடுக்கத்தின் அடையாளம். துகள்களிடையே விசை இல்லாத இலட்சிய வாயுவில் நீண்ட சுழற்சிகளும் ஒடுக்கமும் ஒன்றே என்பதை இயற்பியலாளர் ஷூட்டோ 1993, 2002 ஆகிய ஆண்டுகளின் கட்டுரைகளில் நிறுவினார். அதை ஒரு சிறு நிரல் எழுதி நாமே கண்டுகொள்ளலாம்.

எதிர்ப் பக்கங்கள் ஒட்டப்பட்ட, அதாவது ஒரு பக்கம் வெளியேறும் துகள் எதிர்ப்பக்கம் வழியே உள்ளே வரும், கனப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றல் அலகையும் வெப்பநிலையையும் 1 என வைத்து, நிறையைச் சார்ந்த மாறிலிகளை நீக்கிவிட்டால், மாறுநிலை அடர்த்தி (ஒடுக்கம் தொடங்கும் அடர்த்தி) 2.612-ஐ 4பை-யின் ஒன்றரை அடுக்கால் வகுத்த மதிப்பாகும். அதாவது சுமார் 0.0586. அதன் இரு மடங்கு அடர்த்தியில் 1000 துகள்களை இட, பெட்டியின் பக்கம் ஏறத்தாழ 20.4 இருக்க வேண்டும்.

முதலில், க நீளமுள்ள சுழற்சியின் எடையைக் கணியுங்கள். ஒரு துகளின் ஒவ்வோர் ஆற்றல் மட்டத்தையும் க-ஆல் பெருக்கி, எதிர்க்குறியிட்டு, அடுக்குக்குறிச் சார்பில் இட்டுக் கூட்டுவதே அந்த எடை. முப்பரிமாணக் கூட்டலை நேரடியாகச் செய்ய வேண்டியதில்லை. ஒரு பரிமாணக் கூட்டலின் கனமே போதும். அடுத்து, ந துகள்களின் எல்லா அமைவுகளின் மொத்த எடையான பிரிவினைச் சார்பை, சிறிய ந-க்கான மதிப்புகளிலிருந்து பெரியதைக் கணிக்கும் மீள்தொடர்பால் பெறுங்கள்:

பிரிவினை(ந) = (1/ந) × [எடை(க) × பிரிவினை(ந−க)] என்பதன் க = 1 முதல் ந வரையிலான கூட்டல்; பிரிவினை(0) = 1.

மதிப்புகளை மடக்கையிலேயே வைத்திருங்கள். அடர்த்தி குறைந்த பெரிய பெட்டிகளில் அவை கணினியின் வழக்கமான எண் எல்லையைத் தாண்டிவிடும்.

இனி, குறிப்பிட்ட ஒரு துகள் க நீளச் சுழற்சியில் இருப்பதற்கான நிகழ்தகவு, எடை(க) × பிரிவினை(ந−க) என்பதை ந × பிரிவினை(ந) ஆல் வகுத்தால் கிடைக்கும். இதை வரைபடமாக்கிப் பாருங்கள். தனித்திருக்கும் துகளுக்கு ஏறத்தாழ 0.19, பிறகு விரைவாகச் சரிந்து, க 60-ஐத் தாண்டியதும் வளைகோடு 0.001 உயரத்தில், அதாவது ந-இல் ஒரு பங்கில், தட்டையாகி 500 வரை நீள்கிறது. எத்தனை முறை வரைந்தாலும் என்னை வியக்க வைக்கும் பகுதி இதுதான்: ஒடுங்கிய துகளுக்கு எல்லா நீளங்களும் சம வாய்ப்புள்ளவை. இதே அடர்த்தியில் பெட்டி எல்லையின்றிப் பெரிதானால் இச்சமவெளி மொத்தத் துகள்களில் பாதி என்ற நீளத்தில் (இங்கு 500) செங்குத்தாக முறியும்; நம் பெட்டி சிறியது என்பதால் 500-க்கு அப்பாலும் பரவி மெல்லச் சரிகிறது. பக்கத்தை 32.4 ஆக்கி அடர்த்தியை மாறுநிலையின் பாதிக்குக் குறைத்தால் சமவெளியே மறைந்துவிடும்.

இரு பரிமாணத்தில் மாறுநிலை அடர்த்தியைத் தரும் தொடர் 1 + 1/2 + 1/3 + … என விரிந்து எல்லையற்றதாகிறது. ஆகவே அங்கு எந்த அடர்த்தியிலும் ஒடுக்கம் இல்லை.

ஒரு முழு மாதிரி வேண்டுமானால், மேற்கண்ட நிகழ்தகவின்படி ஒரு நீளத்தைத் தேர்ந்து, அத்தனை துகள்களை நீக்கி, எஞ்சியவற்றுக்கு அதையே திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு சுழற்சிக்கும், பெட்டியில் சீராகத் தேர்ந்த ஒரு புள்ளியிலிருந்து அதன் நீளத்துக்கேற்ற கால அளவுள்ள பிரவுனியன் பாலத்தை (புறப்பட்ட புள்ளிக்கே திரும்பும் தற்போக்குப் பாதையை), பெட்டியைச் சுற்றிவரும் பாதைகளையும் உரிய எடையுடன் சேர்த்து, வரையுங்கள். துகள்களிடையே விசை இருந்தால் இந்த மீள்தொடர்பு செல்லாது. அங்கு நீண்ட சுழற்சிகளும் ஒடுக்கமும் ஒன்றே என்று பொதுவாகக் கொள்ளவும் முடியாது.