எட்டுக் காலும் ஒத்துப்போனால் போதாது: ஒற்றை சப்ளையில் ஆப்-ஆம்ப் மாற்றும்போது வரும் தவறுகள்

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து சோலார் சார்ஜ் கன்ட்ரோலரில் எல்எம்358 போய்விட்டது, சின்ன வோல்ட்டேஜைப் பெரிதாக்கும் ஆப்-ஆம்ப் ஐசி அது. ஞாயிற்றுக்கிழமை, சேலத்தில் கடை திறந்திருக்காது, டப்பாவைக் கிளறினால் டிஎல்072 என்ற வேறொரு ஆப்-ஆம்ப் கிடந்தது. எட்டுக் கால், கால் வரிசையும் அச்சாக ஒன்று, ஆடியோ ஆட்கள் கொண்டாடும் ஐசி வேறு, அப்புறம் என்ன என்று பற்றவைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். சாயங்காலம் போன்: "அண்ணா, லோடே போடலீங்க, ஓவர்லோடுன்னு கட் ஆகுதுங்க." 20 கொண்டை ஊசி வளைவையும் மறுபடி ஏறினேன்.

தப்பு என்னுடையதுதான். லோடு கரண்ட்டை அளக்க அந்த போர்டில் கிரவுண்டுப் பக்கம் ஒரு 10 மில்லிஓம் ஷன்ட் ரெசிஸ்டர் இருக்கிறது, 5 ஆம்பியர் ஓடினாலும் அதில் விழுவது வெறும் 50 மில்லிவோல்ட். எல்எம்358-இன் இன்புட் கிரவுண்டு வரை இறங்கி வேலை செய்யும். டிஎல்072-க்கோ சிக்னல் அதன் நெகட்டிவ் காலைவிட மூன்று நாலு வோல்ட் மேலே இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் அவுட்புட் தலைகீழாகப் புரண்டு மேலே போய் ஒட்டிக்கொள்ளும், போர்டு அதை ஓவர்லோடு என்று எடுத்துக்கொள்ளும். +15, −15 என்று இரட்டை சப்ளை கொடுத்தால் கிரவுண்டு நடுவில் வந்துவிடுவதால் இந்தக் குறை வெளியே தெரியாது. மைனஸ் இல்லாமல் பிளஸ் மட்டும் கொடுக்கும் ஒற்றை சப்ளையில் கிரவுண்டேதான் நெகட்டிவ் கால். பழைய 741 ஆப்-ஆம்ப்பும் இந்த இடத்துக்கு ஆகாது.

இது புரிந்தவர்கள் செய்யும் தவறு வேறு. ரெயில்-டு-ரெயில், அதாவது சப்ளையின் இரண்டு முனை வரையும் வேலை செய்யும் என்று போட்டிருந்தால் போதும் என்று எம்சிபி6002 வாங்கி வருவார்கள். நல்ல ஐசிதான், ஆனால் 6 வோல்ட் சப்ளை வரைதான் அதன் வேலை. 12 வோல்ட் பேட்டரி சார்ஜாகும்போது 14.4 வரை ஏறும், அதில் நேராக மாட்டினால் அங்கேயே சங்கு. அதனால் எந்த ஐசி வாங்குவது என்று யோசிக்கும் முன் சப்ளை வரும் 4-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 5 வோல்ட் போர்டில் எம்சிபி6002 இருந்த இடத்தில் எல்எம்358 போட்டால் அவுட்புட் 3.5 வோல்ட் பக்கம் நின்றுவிடும், சென்சார் கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். கீழ்ப்பக்கமும் எல்எம்358 கிரவுண்டைத் தொடுவது அவுட்புட்டில் இருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் இருந்தால்தான். அதற்குப் பதில் சப்ளைக்குப் போகும் புல்அப் ரெசிஸ்டர் இருந்தால் 0.6, 0.7 வோல்ட்டுக்குக் கீழே இறங்க அடம்பிடிக்கும்.

கடையில் "358 இல்லீங்க, 393 இருக்கு, அதே கால்தான்" என்றால் வாங்காதீர்கள். கால் வரிசை அதேதான், ஆனால் அது இரண்டு வோல்ட்டேஜில் எது பெரிது என்று மட்டும் சொல்லும் கம்பரேட்டர், அவுட்புட்டும் கீழே மட்டும் இழுக்கும் ஓபன் கலெக்டர்.

கடைசியில் புது எல்எம்358-ஐயே போட்டேன். ஓவர்லோடு போய்விட்டது, ஆனால் லோடு இல்லாமலே 0.3 ஆம்பியர் காட்டியது. அது ஆஃப்செட், இன்புட் சைபராக இருந்தாலும் ஐசி தானாகக் காட்டும் சின்னப் பிழை, இதில் 3 மில்லிவோல்ட். டேட்டாஷீட்டில் 7 வரை அனுமதி உண்டு, இந்த ஷன்ட்டுக்கு அது 0.7 ஆம்பியர். நல்லவேளை போர்டில் திருகி மாற்றும் ப்ரீசெட் ரெசிஸ்டர் ஒன்று இருந்தது, திருகிச் சைபருக்குக் கொண்டுவந்துவிட்டு, அவர்கள் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.