மலைத்தடம் நல்ல தடமா? உலக சாம்பியன்ஷிப் பாதையை எடைபோடும் முறை

சாலை சைக்கிள் பந்தயத்தின் உலக சாம்பியன்ஷிப் ஒவ்வொரு ஆண்டும் வேறு ஊரில் நடக்கும். ஒரே நாள் பந்தயம். ஜெயித்தவருக்கு ஓராண்டு முழுக்க வானவில் ஜெர்சி. அதனால் மலைப்பாங்கான ஊர் ஒன்று தேர்வானதுமே பார்ப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "மலையேறுபவர்களுக்கு மட்டும் பட்டம் கொடுக்கவா இந்தப் பந்தயம்?" என்பது ஒரு கட்சி. "மலை இல்லாவிட்டால் கூட்டமாக வந்து கடைசி 200 மீட்டரில் அடிக்கும் வேக ஓட்டமான ஸ்பிரிண்ட்தானே மிஞ்சும்?" என்பது இன்னொன்று. நான் மலை வேண்டும் என்கிற கட்சி. ஆனால் மொத்த ஏற்றம் இத்தனை மீட்டர் என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து எந்தப் பக்கமும் சாயாதீர்கள். தடத்தின் உயர வரைபடத்தைத் தாளில் எடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து பாருங்கள். நான் பார்க்கிற விதம் இதுதான்.

முதலில் ஒரு வகுத்தல். மொத்த ஏற்றத்தைத் தூரத்தால் வகுத்தால், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர் ஏறுகிறார்கள் என்பது வரும். 2018-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ஆண்கள் ஓட்டியது 258.5 கிலோமீட்டர், ஏறியது சுமார் 4,670 மீட்டர், கிலோமீட்டருக்குப் பதினெட்டு. 2024 சூரிச்சில் பதினாறுக்குச் சற்று மேல். 2025-ல் ருவாண்டாவின் கிகாலியில் 267.5 கிலோமீட்டரில் 5,475 மீட்டர், இருபதைத் தாண்டுகிறது. பதினைந்துக்கு மேல் வந்தால் தடம் கடினம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் சொல்வது அவ்வளவுதான். பந்தயம் நன்றாக இருக்குமா என்பதை இது சொல்லாது.

அப்புறம்தான் முக்கியமான வேலை: ஒவ்வொரு ஏற்றத்தையும் தனியாக எடுத்து, அதன் நீளத்தையும் சாய்வையும் பக்கத்திலேயே எழுதுவது. இன்ஸ்ப்ரூக்கில் திரும்பத் திரும்ப வந்தது இக்ல்ஸ் நோக்கிப் போகும் ஏற்றம்: 7.9 கிலோமீட்டர், சராசரிச் சாய்வு 5.7 சதவீதம். ஒருமுறை ஏறினால் 450 மீட்டர். அதை ஏழு முறை ஏறினார்கள். மொத்த ஏற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரே சாலைதான். காகிதத்தில் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் 5.7 சதவீதச் சாய்வில் இந்த வீரர்கள் நல்ல வேகத்தில் ஏறுகிறார்கள். அந்த வேகத்தில் முன்னால் போகிறவர் காற்றைத் தடுப்பதால், அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டுபவருக்கு இன்னும் சக்தி மிச்சமாகும். ஆகவே தாக்கிப் பிரிந்து போகிறவருக்கு லாபம் குறைவு. கூட்டத்துக்குள் காத்திருப்பதே புத்திசாலித்தனம். அதற்கு மேல், பந்தயத்தின் கடைசியில் 28 சதவீதம் வரை செங்குத்தாகப் போகும் ஒரு சுவர் வைத்திருந்தார்கள். முக்கியமானவர்கள் எல்லோரும் அதற்காகவே காத்திருந்தார்கள். முடிவில் நாலு பேர் சேர்ந்து வந்து ஸ்பிரிண்ட் அடித்தார்கள். ஸ்பெயினின் 38 வயது வால்வெர்தே ஜெயித்தார். அழகான முடிவு, மறுக்கவில்லை. ஆனால் அத்தனை மணி நேர மலையேற்றத்தில் அதிரடிக்கு இடம் கொடுத்தது அந்தக் கடைசிச் சுவர்தான்.

காற்றின் கணக்கு எப்போதும் கையில் இருக்கட்டும். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 40 கிலோமீட்டர் வேகத்தில் தேவைப்படுவதில் எட்டில் ஒரு பங்குதான் 20 கிலோமீட்டர் வேகத்தில் தேவை. சாய்வு கூடக்கூட வேகம் குறையும், பின்னால் ஒளிவதால் கிடைக்கும் லாபமும் கரையும். அங்கேதான் பலசாலி பலசாலியாகத் தெரிவார். எட்டு, ஒன்பது சதவீதத்துக்கு மேல் போகும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பந்தயம் உடையும் இடங்கள் அவைதான்.

கிகாலியை இப்படி வட்டமிட்டுப் பாருங்கள். 15 கிலோமீட்டர் சுற்று ஒன்றில் இரண்டே ஏற்றங்கள், இரண்டும் குட்டி. கோல்ஃப் மைதானத்துப் பக்கம் உள்ளது ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, எட்டு சதவீதம். கிமிஹுருரா ஏற்றம் கற்கள் பதித்த சாலை. ஆண்கள் அந்தச் சுற்றைப் பதினைந்து முறை ஓட்டினார்கள். நடுவில் ஒரே ஒரு தடவை வெளியே போய் நீளமான கிகாலி மலை. குட்டி ஏற்றம் திரும்பத் திரும்ப வந்தால் மூச்சு வாங்க நேரமே இருக்காது. ஏறி முடித்ததும் இறக்கம், திருப்பம், மறுபடி ஏற்றம். வரிசையில் பின்னால் இருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் கூட்டி இடைவெளியை அடைக்கவேண்டும். முடித்தவர்கள் 30 பேர். 1980-ல் பிரான்சின் சலான்ஷும் இதே கதை: மூன்று கிலோமீட்டரைத் தொடாத தோமான்சி ஏற்றம், இருபது சுற்று, 107 பேர் கிளம்பி 15 பேர் முடித்தார்கள். பெர்னார் இனோ ஜெயித்தார். நீள மலையைவிடக் குட்டி ஏற்றத்தின் எண்ணிக்கைதான் ஆளை அறுக்கும் என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

அடுத்து, கடைசி ஏற்றத்தின் உச்சியிலிருந்து முடிவுக்கோடு வரை எத்தனை கிலோமீட்டர், அது எப்படிப்பட்ட சாலை என்று பாருங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். உச்சியிலிருந்து முடிவு வரை வளைந்து வளைந்து விழும் வேகமான இறக்கம் என்றால் எவ்வளவு நல்ல மலையாக இருந்தாலும் எனக்கு அந்தத் தடம் வேண்டாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் விஸ்டா சினேசா இறக்கத்தில் முன்னணியில் இருந்த இத்தாலியின் நிபாலி விழுந்து தோள்பட்டைக் காறை எலும்பு முறிந்தது. மறுநாள் அதே இறக்கத்தில் தங்கத்தை நோக்கித் தனியே போய்க்கொண்டிருந்த நெதர்லாந்தின் ஆன்னமீக் வான் ஃப்ளோய்டன் விழுந்தார். பல மணி நேரம் ஓட்டிக் களைத்த உடம்பு, ஈரச்சாலை, பட்டத்தின் வெறி: மூன்றும் சேரும் இடத்தில் இறக்கம் வைக்கக்கூடாது. உலக சாம்பியன்ஷிப்பில் வீரர்கள் காதில் ரேடியோகூடக் கிடையாது, முன்னால் என்ன ஆபத்து என்று சொல்ல ஆளில்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அணிகளையும் கணக்கில் எடுங்கள். இங்கே எல்லோரும் நாட்டுக்காக ஓட்டுகிறார்கள். பெரிய நாட்டுக்கு எட்டு பேர், சின்ன நாட்டுக்கு ஓரிருவர். சமதளத்தில் எட்டு பேர் சேர்ந்தால் பந்தயத்தைக் கட்டிப்போடலாம். 2011 கோபன்ஹேகனில் பிரிட்டன் நாள் முழுக்க முன்னால் நின்று தன் ஸ்பிரிண்ட் வீரர் கேவண்டிஷைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. மலையில் அந்த எட்டு பேர் சுற்றுக்கு ஒருவராக உதிர்ந்துபோவார்கள். சின்ன நாட்டின் தனி வீரருக்கு வாய்ப்பு திறப்பது அப்போதுதான். மலைத்தடத்துக்கு ஆதரவாக என்னிடம் இருக்கும் வலுவான வாதம் இது.

இதெல்லாம் எழுதி முடித்ததும் தாளின் கீழே மூன்று பெயர் எழுதுங்கள்: ஒரு மலையேறுபவர், குட்டி ஏற்றங்களில் வெடித்துப் போகும் ஒருவர், ஏற்றத்தைத் தாங்கி ஸ்பிரிண்ட் அடிக்கும் ஒருவர். மூன்று பேருக்கும் ஜெயிக்க ஒரு வழியைக் கதையாகச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் நல்ல தடம், மலையாக இருந்தாலும் சரி. ஒரே வகை ஆள்தான் வர முடியும் என்றால் கெட்ட தடம், அது சமதளமாக இருந்தாலும்.

"கிகாலியில் ஸ்லோவேனியாவின் பொகாச்சர் நூறு கிலோமீட்டர் இருக்கும்போதே கிளம்பிப்போய்விட்டாரே, பந்தயமே செத்துவிட்டதே" என்பார்கள். சூரிச்சிலும் அப்படித்தான் செய்தார், இரண்டிலும் ஜெயித்தார். ஆனால் கிகாலியில் அதே சுற்றில், அதே குட்டி ஏற்றங்களில், அதற்கு முந்தின நாள் பெண்கள் ஓட்டினார்கள். முன்னணிப் பெயர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தயங்கி நின்றார்கள். முன்னால் நழுவிப்போன குழுவிலிருந்து கனடாவின் மக்தலீன் வலியேர் பட்டத்தை எடுத்துக்கொண்டார். சாலை ஒன்றுதான், இரண்டு பந்தயமும் வானத்துக்கும் பூமிக்கும். ஒரு தலைமுறையில் ஒருவர் பிறக்கும் வீரரை வைத்துத் தடத்தைத் தீர்ப்பது நியாயமில்லை.

கடைசியாக, ஒரே ஆண்டை மட்டும் பார்க்காமல் ஐந்தாறு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஜெயித்தவர்களைப் பாருங்கள்: 2002-ல் சமதள ஸோல்டரில் ஸ்பிரிண்ட் வீரர் சிப்போலினி, 2016 தோஹாவில் பாலைவனக் காற்று கூட்டத்தைக் கிழித்தபின் சகான், 2018-ல் இன்ஸ்ப்ரூக் மலையில் வால்வெர்தே, 2023 கிளாஸ்கோவின் நகரத் திருப்பங்களில் வான் டர் பூல். இந்தக் கலப்பு இருக்கும்வரை மலைக்குக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டு தொடர்ந்து மலை வந்தால் மூன்றாவது ஆண்டு ஸ்பிரிண்ட் வீரர்களுக்கு ஒரு தடம் கேட்பேன். 2027-ல் பந்தயம் மறுபடி சலான்ஷுக்குப் போகிறது, 2028-ல் அபுதாபிக்கு. பந்தயத்தன்று தாளைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வட்டமிட்ட இடங்களில் பாதி தாண்டுவதற்குள் உட்கார்ந்துவிடுங்கள். குட்டி ஏற்றத் தடம் என்றால் இன்னும் முன்னதாக.