மேவன் போட்டாச்சு, ஆனா வரல

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தம்பி ஒருநாள் ராத்திரி லேப்டாப்போடு இறங்கி வந்தான். "அண்ணா, மேவன் போட்டாச்சு, ஆனா வரல." ஜாவா புராஜெக்டைக் கம்பைல் செய்து கட்டித்தரும், அதாவது பில்ட் செய்யும் கருவிதான் மேவன். அதை ஓட்டும் எம்விஎன் (mvn) என்று ஒரு கட்டளையே தெரியாது என்கிறது விண்டோஸ். பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தான். ஜிப்பை விரித்து, உள்ளே இருக்கும் 'பின்' ஃபோல்டரை பாத்தில் சேர்த்திருந்தான். ஆனால் பாத்தை மாற்றுவதற்கு முன்னால் திறந்த அதே கறுப்பு ஜன்னலில்தான் ஒரு மணி நேரமாகத் தட்டிக்கொண்டிருந்தான். டெர்மினல் திறக்கும்போது பாத்தை ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும். அப்புறம் நாம் மாற்றியது அதற்குத் தெரியாது. மூடித் திறந்தோம், வந்துவிட்டது.

கட்டளையை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்ற பட்டியல்தான் பாத். வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு சென்னை பஸ் வரவில்லையே என்று புலம்பினால் எப்படி? பஸ் புது பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது. மேவனும் அப்படித்தான், இருக்கிற இடத்தைப் பட்டியலில் சொல்ல வேண்டும். அதற்காக, பாத்தை டெர்மினலிலிருந்தே மாற்றும் செட்எக்ஸ் கட்டளையை மட்டும் தொடாதீர்கள். பாத் 1024 எழுத்தைத் தாண்டினால் மிச்சத்தை வெட்டி எறிந்துவிடும். நேற்று வரை ஓடிய பைத்தானும் கிட்டும் இன்று காணாமல் போகும். என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் ஜன்னலைத் திறந்து, அதில் ஒரு வரி சேர்ப்பதே நல்லது.

டவுன்லோடு பக்கத்தில் பைனரி, சோர்ஸ் என்று இரண்டு வகை ஜிப் இருக்கும். பைனரியை எடுங்கள். சோர்ஸை பில்ட் செய்யவே ஒரு மேவன் வேண்டும்!

உண்மையான தலைவலி ஜாவாதான். ஜாவா எங்கே இருக்கிறது என்று மேவனுக்குச் சொல்லும் வேரியபிள் ஜாவா ஹோம் (JAVA_HOME). அதில் எழுத வேண்டியது ஜேடிகே, அதாவது கம்பைலரோடு வரும் ஜாவா இருக்கும் ஃபோல்டர் வரைக்கும்தான். பாத் போட்ட அதே கையோடு இதற்கும் கடைசியில் 'பின்' ஒட்டிவிடுவார்கள். ஜாவா ஹோம் சரியில்லை என்று மேவன் நின்றுவிடும். உபுண்டுவில் வேறு கதை. அதில் மென்பொருள் போடும் கட்டளையான ஆப்ட் வழியாகப் போட்டால் மேவன் ஓடும், பதிப்பும் காட்டும். கம்பைல் செய்யும்போது மட்டும் "கம்பைலரே இல்லையே, ஜேஆர்இ-யில் ஓட்டுகிறீர்களா" என்று கேட்கும். ஜேஆர்இ ஜாவாவை ஓட்டத்தான் செய்யும், கம்பைல் செய்யாது. ஜேடிகேவைத் தனியாகப் போட வேண்டும். இன்னொன்று, உபுண்டு 22.04-ல் ஆப்ட் தருவது மேவன் 3.6.3. புராஜெக்ட் 3.9 கேட்டால் ஜிப்தான் வழி.

மேக்கில் மென்பொருள் போட்டுத்தரும் ஹோம்ப்ரூ எல்லாவற்றையும் தானே செய்துவிடும், வம்பும் அங்கேதான். மேவனோடு தனக்கென ஒரு ஓப்பன் ஜேடிகேவையும் இழுத்துவரும். நீங்கள் ஜாவா 17 வைத்திருப்பீர்கள், ஜாவா ஹோம் மட்டும் சொல்லியிருக்க மாட்டீர்கள். மேவன் தன்னோடு வந்த புது ஜாவாவில் ஓடும். இரண்டும் வேறு வேறு என்பது பில்ட் உடையும்வரை தெரியாது. அதனால் பதிப்பைக் காட்டும் எம்விஎன் மைனஸ் வி (mvn -v) அடித்தால் முதல் வரியைப் பார்த்துவிட்டு எழுந்து போகாதீர்கள். ஜாவா பதிப்பு என்ற வரியையும் படியுங்கள். மேவன் எந்த ஜாவாவைப் பிடித்திருக்கிறது என்று அதில்தான் இருக்கும். ஜாவா ஹோமை பாஷ் என்ற ஷெல் படிக்கும் பாஷ்ஆர்சி ஃபைலில் எழுதி ஏமாறுபவர்களும் உண்டு. டெர்மினலில் நம் கட்டளையை வாங்கி ஓட்டுவதுதான் ஷெல். 2019-ல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து மேக்கில் வழக்கமாக வரும் ஷெல் இசட்ஷெல். எழுத வேண்டியது இசட்எஸ்ஹெச்ஆர்சி-யில்.

பர்மிஷன் இல்லை என்று வந்ததும் லினக்ஸில் அட்மின் அதிகாரம் தரும் சூடோ போட்டு மேவனை ஓட்டும் பழக்கம் வேண்டாம். பில்ட் விளைவு போய்ச் சேரும் டார்கெட் ஃபோல்டரின் பட்டா ரூட், அதாவது அட்மின் பேருக்கு மாறிவிடும். அடுத்த முறை சூடோ இல்லாமல் ஓட்டினால் உங்கள் ஃபோல்டரிலேயே நீங்கள் கைவைக்க முடியாது. சௌன் கட்டளையால் திரும்ப உங்கள் பேருக்கு மாற்ற வேண்டியதுதான்.

புராஜெக்டிலேயே எம்விஎன்டபிள்யூ (mvnw) என்ற ஃபைல் இருந்தால் மேவனைத் தனியாகப் போடவே தேவையில்லை. ஜேடிகே இருந்தால் போதும், மேவனை அந்த ஃபைலே இறக்கிக்கொள்ளும்.

தம்பிக்கு அன்று ராத்திரியே இன்னொன்றும் நடந்தது. முதல் பில்டுக்கு மேவன் புராஜெக்டுக்கு வேண்டிய ஜாவா நூலகங்களை, அதாவது நிறைய ஜார் ஃபைல்களை இறக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட் நடுவில் அறுந்தது. நெட் திரும்பி வந்தபிறகும் அதே எரர். கிடைக்கவில்லை என்று ஒருமுறை குறித்துக்கொண்டால் மேவன் கொஞ்ச காலத்துக்குத் திரும்பக் கேட்காது. திரும்பப் போய்க் கேட்க வைக்கும் மைனஸ் பெரிய யு (-U) சேர்த்து ஓட்டச் சொன்னேன். ஓடியது. "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்லண்ணா" என்றான்.