ஆஃபர் வந்ததும் கேசரி கிண்டலாமா? கல்லூரி ஃபுட்பால் ரெக்ரூட்டிங், முதல்முறை பெற்றோருக்கு

2023 ஜனவரியில் ஒரு ராத்திரி, என் மகனின் போனுக்கு ஒரு கல்லூரிப் பயிற்சியாளரிடமிருந்து செய்தி வந்தது. எங்கள் அணியில் உனக்கு இடம் தருகிறோம் என்று. அவன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. மனைவி கேசரி கிண்டினாள். நான் மதுரைக்குப் போன் போட்டேன். பேரனுக்கு அமெரிக்காவில் காலேஜ் ஃப்ரீ என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது, வந்தது 'ப்ரிஃபர்டு வாக்-ஆன்' என்று. அணியில் இடம் உண்டு, பணம் ஒரு டாலர்கூடக் கிடையாது. வருடத்துக்கு நாற்பதாயிரம் டாலருக்கு மேல் நாங்கள்தான் கட்டவேண்டும். அதை அம்மாவுக்கு விளக்கியது தனிக்கதை.

டல்லாஸுக்கு வடக்கே இருக்கும் புறநகர்களில் நம் ஆட்கள் நிறைய. பிள்ளைகளும் இப்போது டென்னிஸ், செஸ் என்று நிற்காமல் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்குகிறார்கள். பக்கத்து ஆலன் பள்ளியின் ஸ்டேடியத்தில் 18,000 பேர் உட்காரலாம், கட்டிய செலவு 60 மில்லியன் டாலர். ஒரு பள்ளிக்கூடத்துக்கு! ஆனால் அங்கே ஆடும் பையனைக் கல்லூரி அணிக்கு எப்படி எடுக்கிறார்கள், அதாவது இந்த ரெக்ரூட்டிங் எப்படி நடக்கிறது என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன். நான் சொல்வது முட்டை வடிவப் பந்தின் ஃபுட்பால். காலால் உதைப்பதை இங்கே சாக்கர் என்பார்கள், அதற்கு விதிகள் வேறு.

படி 1: பணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதில் மூன்று பிரிவுகள். முதல் பிரிவில் ஃபுட்பாலுக்கு மட்டும் இரண்டு தட்டு: டிவியில் பார்க்கிற பெரிய கல்லூரிகள் எஃப்.பி.எஸ்., அதற்குக் கீழே எஃப்.சி.எஸ். எஃப்.பி.எஸ்.ஸில் ஓர் அணிக்கு 85 முழு உதவித்தொகை என்பதுதான் பல காலக் கணக்கு. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு போய், அணியில் 105 பேர் வரை என்ற வரம்பு வந்தது. கேட்க நல்லதாக இருக்கிறது. ஆனால் முன்பு 120 பேர் வரை வைத்திருந்த அணிகள் ஆளைக் குறைத்தன. குறைந்தது யார்? என் மகனுக்கு வந்ததுபோல வாக்-ஆன் இடம் கிடைத்த பையன்கள்தான்.

இரண்டாம் பிரிவில் ஓர் அணிக்கு 36 முழுத் தொகைக்குச் சமமான பணம். அதை நூறு பேர் உள்ள அணிக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவனுக்குக் கால், ஒருவனுக்கு அரை, ஒருவனுக்குப் புத்தகச் செலவு மட்டும். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று பணமே கிடையாது. ஆனால் மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு, சில இடங்களில் தாராளமாகவே. ஹார்வர்டு, யேல் இருக்கும் ஐவி லீக்கிலும் விளையாட்டு உதவித்தொகை இல்லை என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. என்.சி.ஏ.ஏ.வுக்கு வெளியே என்.ஏ.ஐ.ஏ. என்ற இன்னொரு சிறிய அமைப்பும் இரண்டு வருட ஜூனியர் காலேஜ்களும் இருக்கின்றன.

பள்ளியில் ஃபுட்பால் ஆடுபவர்கள் நாடு முழுக்கச் சுமார் பத்து லட்சம் பேர். என்.சி.ஏ.ஏ. அணிகளுக்குப் போவது நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். முதல் பிரிவுக்கு மூன்று பேர்கூடத் தேறாது. பையனிடம் இதைச் சொல்லவேண்டாம். நீங்கள் தெரிந்து வைத்திருங்கள்.

படி 2: ஒன்பதாம் வகுப்பிலேயே பாடங்களைச் சரிபாருங்கள்

இது நமக்குக் கைவந்த கலை என்று நினைத்துதான் நான் அசட்டையாக இருந்தேன். முதல் இரண்டு பிரிவுகளில் ஆட என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் பதிவு செய்யவேண்டும். அவர்கள் கேட்பது 16 'கோர்' பாடங்கள், அதாவது அடிப்படைப் பாடங்கள். முதல் பிரிவுக்கு ஆங்கிலம் நான்கு வருடம், கணிதம் மூன்று, அறிவியல் இரண்டு, சமூக அறிவியல் இரண்டு, மீதி இவற்றிலிருந்தும் மொழிப்பாடம் போன்றவற்றிலிருந்தும். முதல் பிரிவுக்கு இந்தப் பாடங்களில் மட்டும் ஜி.பி.ஏ. என்ற மதிப்பெண் சராசரி 2.3 வேண்டும், இரண்டாம் பிரிவுக்கு 2.2. சாட் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண் இப்போது தேவையில்லை.

நம் பிள்ளைகளுக்கு 2.3 ஒரு பொருட்டில்லைதான். சிக்கல் வேறு இடத்தில். எங்கள் பள்ளி மாவட்டத்தில் ஜி.பி.ஏ.வை 6க்குக் கணக்கிடுகிறார்கள். தகுதி மையம் 4க்குக் கணக்கிடும். பள்ளியில் உள்ள எல்லாப் பாடமும் கோர் ஆகாது, உங்கள் பள்ளிக்கான பட்டியல் தகுதி மையத்தின் தளத்திலேயே இருக்கிறது. எட்டாம் வகுப்பில் எடுத்த அல்ஜீப்ரா, உயர்நிலைப் பள்ளியின் மதிப்பெண் பட்டியலில் கிரெடிட்டோடு ஏறியிருந்தால் கணக்கில் வரும், இல்லாவிட்டால் வராது. அப்புறம் முதல் பிரிவுக்கு, 16இல் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடித்திருக்கவேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்கவேண்டும். பள்ளியின் படிப்பு ஆலோசகரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட்டால் வேலை முடிந்தது.

படி 3: வீடியோ

இதற்குத்தான் அதிக நேரம் செலவழியுங்கள். பள்ளி அணிகள் பெரும்பாலும் 'ஹடில்' என்ற தளத்தில் ஆட்டப் பதிவுகளை ஏற்றும். பையனுக்கு அதில் கணக்கு இருக்கும். அதிலிருந்து வெட்டித்தான் ஹைலைட் வீடியோ தயாரிக்கவேண்டும்.

என் மகன் லாங் ஸ்னாப்பர். பண்ட் (பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்துத் தள்ளுவது) அடிக்கும்போதும் ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது) அடிக்கும்போதும் குனிந்து, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிகிறவன். ஆட்டம் முழுக்க மொத்தம் ஏழெட்டு முறைதான் மைதானத்துக்குள் போவான். பந்து தலைக்கு மேல் போனால்தான் யாரும் அவன் பெயரைக் கேட்பார்கள். பண்டுக்கு 15 கஜ தூரம். கையை விட்டுப் பந்து பண்டர் கைக்குப் போக 0.75 விநாடி அல்லது அதற்குள். கல்லூரிகள் எதிர்பார்ப்பது அது. பதினோராம் வகுப்பு தொடக்கத்தில் அவன் 0.92. வீட்டின் பின்புறம் வேலியில் பழைய மெத்தையைக் கட்டி, இடுப்பு உயரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு சதுரம் போட்டு, தினமும் நூறு பந்து. நான் ஸ்டாப்வாட்சோடு நிற்பேன். டிசம்பரில் 0.78க்கு வந்தான்.

முதல் வீடியோவை நான்தான் தயாரித்தேன். ஆறு நிமிடம், பின்னணியில் பாட்டு, ஆரம்பத்தில் அவன் பெயர் நெருப்பில் எரிவது போல ஓர் எழுத்து. பள்ளிப் பயிற்சியாளர் இருபது விநாடி பார்த்துவிட்டு, "சார், பந்து எங்கே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அவர் சொல்லித் தந்தது இது. மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள். முதல் திரையில் பெயர், ஜெர்சி எண், ஆடும் இடம், உயரம், எடை, ஜி.பி.ஏ., பள்ளி முடிக்கும் ஆண்டு, பயிற்சியாளர் தொடர்பு. மிகச் சிறந்த ஐந்து காட்சிகள் முதலில். ஆறாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு காட்சியும் தொடங்குமுன் பையன் மேல் ஒரு வட்டமோ அம்போ போட்டு ஒரு விநாடி நிறுத்துங்கள், இருபத்திரண்டு பேரில் யாரைப் பார்ப்பது என்று தெரியவேண்டுமே. பாட்டு வேண்டாம். ஸ்லோ மோஷன் வேண்டவே வேண்டாம். வேகத்தைத்தான் அவர்கள் எடைபோடுகிறார்கள், அதையே நீங்கள் மறைத்தால் எப்படி? கூடவே ஒரு முழு ஆட்டத்தின் பதிவையும் தயாராக வைத்திருங்கள். விருப்பம் வந்தால் அடுத்துக் கேட்பது அதைத்தான்.

படி 4: பையனே எழுதட்டும்

வீடியோ போட்டுவிட்டால் தேடி வருவார்கள் என்பது ரெக்ரூட்டிங் தளங்களில் நிறைய ஸ்டார் மதிப்பீடு வாங்கிய சில நூறு பேருக்குப் பொருந்தும். மற்றவர்கள் எழுதிக் கேட்கவேண்டும். கலிபோர்னியாவின் ஃபயர்பா என்ற சின்ன விவசாய ஊரிலிருந்து வந்த ஜோஷ் ஆலனுக்குப் பள்ளி முடிக்கும்போது முதல் பிரிவிலிருந்து ஓர் ஆஃபரும் இல்லை. ரீட்லி என்ற ஜூனியர் காலேஜில் ஆடிவிட்டு, எஃப்.பி.எஸ். பயிற்சியாளர்களுக்கெல்லாம் வரிசையாக மின்னஞ்சல் அனுப்பினார். கடைசியில் வயோமிங் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2018 டிராஃப்டில் ஏழாவது ஆளாக பஃபலோ பில்ஸ் அணிக்குப் போனார், 2024 சீசனின் எம்.வி.பி.யும் (மிகச் சிறந்த வீரர்) அவரே.

தலைமைப் பயிற்சியாளருக்கு எழுதிப் பயனில்லை. அணியில் பையன் ஆடும் இடத்துக்கென்று இருக்கும் பயிற்சியாளருக்கும், உங்கள் பகுதியைக் கவனிக்கிறவருக்கும் எழுதுங்கள். ஒவ்வொரு கல்லூரியும் ஊர்களைப் பங்கு போட்டு ஒருவரிடம் கொடுத்திருக்கும். தலைப்பிலேயே முக்கியமானதைச் சொல்லிவிடுங்கள்: '2027, லாங் ஸ்னாப்பர், 6 அடி, 205 பவுண்டு, ஜி.பி.ஏ. 3.8, டெக்சஸ்'. உள்ளே நான்கு வரி, வீடியோ இணைப்பு, பள்ளிப் பயிற்சியாளர் எண். எக்ஸ் தளத்தில் நேரடிச் செய்தியாகவும் அனுப்பலாம், இந்த உலகம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அப்பா எழுதாதீர்கள். நான் மகன் பெயரில் ஒன்று எழுதினேன். "தங்கள் மேலான பரிசீலனைக்கு" என்கிற ஆங்கிலத்தில். பதினாறு வயசுப் பையன் அப்படி எழுத மாட்டான் என்று யாருக்கும் தெரியும்.

பதில் வரவில்லையே என்று பதறவும் வேண்டாம். முதல் பிரிவுப் பயிற்சியாளர்கள் பதினோராம் வகுப்பு செப்டம்பர் 1க்கு முன் தனிப்பட்ட செய்தி அனுப்ப விதி இடம் தராது.

பணம் வாங்கிக்கொண்டு ரெக்ரூட்டிங் செய்து தரும் நிறுவனங்களும் உண்டு. ஒன்றுக்கு நான் 1,800 டாலர் அழுதேன். நூறு கல்லூரிக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார்கள். அதில் ஃபுட்பால் அணியே இல்லாத கல்லூரிகள் நான்கு.

படி 5: ஜூன் மாதத்துக் கேம்ப்

ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை கல்லூரிப் பயிற்சியாளர்கள் பள்ளிகளுக்கு வந்து பார்ப்பார்கள். ஜூனில் கல்லூரிகள் ஒருநாள் கேம்ப் நடத்தும். 40 கஜ ஓட்டம், உயரம், எடை எல்லாம் அவர்களே அளப்பார்கள். வீடியோவில் 6 அடி 1 என்று போட்டுவிட்டு அங்கே 5 அடி 11 நின்றால் அன்றோடு சரி. உள்ளூர்ப் பையன்களுக்கு ஆஃபர் கிடைப்பது பெரும்பாலும் இந்த மாதத்தில்தான். கண்ட கேம்புக்கெல்லாம் போகாதீர்கள். "உங்கள் கேம்புக்கு வரலாமா, ஸ்னாப்பர் எடுக்கிறீர்களா" என்று முன்கூட்டியே கேட்டு, பதில் வந்த நான்கைந்துக்குப் போங்கள். தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள், டெக்சஸ் ஜூன் வெயில் மதுரைச் சித்திரைக்குச் சளைத்ததில்லை.

படி 6: ஆஃபர் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

எக்ஸில் தினமும் பார்ப்பீர்கள்: கல்லூரிச் சின்னத்தோடு ஒரு படம், 'ஆஃபர் கிடைத்தது, கடவுளுக்கு நன்றி' என்று ஒரு வரி. அது பெரும்பாலும் வாய்வார்த்தை. யாரையும் கட்டுப்படுத்தாது, பையனையும் சேர்த்துத்தான். பன்னிரண்டாம் வகுப்பு ஆகஸ்ட் 1க்கு முன் எழுத்தில் தரவும் முடியாது. ஒரே இடத்துக்கு ஐந்து பேருக்கு ஆஃபர் கொடுத்துவிட்டு, முதலில் சரி என்பவனை எடுத்துக்கொள்வதும் நடக்கும்.

அதனால் பையன் இந்தக் கேள்விகளைக் கேட்கட்டும். இன்றைக்கே சேருகிறேன் என்றால் எடுத்துக்கொள்வீர்களா? இழுத்தால் அது உண்மையான ஆஃபர் இல்லை. முழுத் தொகையா, பகுதியா, எதெல்லாம் அடங்கும்? ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்கா? காயம் பட்டால்? முதல் வருடம் ரெட்ஷர்ட்டா (போட்டியில் இறங்காமல் பயிற்சி மட்டுமா)? கடைசிக் கேள்வியை நாங்கள் கேட்கவில்லை: இது ஸ்காலர்ஷிப்பா, ப்ரிஃபர்டு வாக்-ஆனா? வெட்கப்படாமல் அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, 'இடம்' என்றுதான் சொன்னார்கள். நாங்கள்தான் பணம் என்று கேட்டுக்கொண்டோம்.

எச்-4 விசாவில் (எச்-1பியில் வேலை செய்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. விளையாட்டு உதவித்தொகை வாங்கத் தடையில்லை. ஆனால் மத்திய அரசின் உதவி கிடைக்காது. வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் என்.ஐ.எல். பணத்தில், வேலை அனுமதி இல்லாதவர்களுக்கு வில்லங்கம் உண்டு. கையெழுத்துப் போடுமுன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள்.

படி 7: போய்ப் பார்ப்பது

சொந்தச் செலவில் போவது அன்அஃபிஷியல் விசிட். கல்லூரி செலவழித்தால் அஃபிஷியல் விசிட். ஃபுட்பாலில் பதினோராம் வகுப்பு ஏப்ரலிலிருந்து போகலாம். பயிற்சியாளர் ஸ்டேடியத்தைக் காட்டுவார். நீங்கள் மூன்றாம் வருட மாணவன் ஒருவனைத் தனியாகப் பிடித்து, பரீட்சை வாரத்தில் பயிற்சி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

படி 8: கையெழுத்து

பன்னிரண்டாம் வகுப்பில், டிசம்பர் தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை, விட்டால் பிப்ரவரி முதல் புதன். நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் (இந்தக் கல்லூரிக்கே வருகிறேன் என்ற உறுதிப் பத்திரம்) என்று பழைய கட்டுரைகளில் படித்திருப்பீர்கள், 2024 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கையெழுத்தாவது நிதியுதவி ஒப்பந்தம். எத்தனை டாலர், எத்தனை வருடம் என்று அதில் இருக்கும். இல்லாதது எதுவும் வாக்குறுதி இல்லை.

எங்கள் பள்ளியில் அன்றைக்கு நூலகத்தில் நீளமாக மேசை போட்டிருந்தார்கள். முதல் பிரிவுக்குப் போகும் பையன்கள் முன் கல்லூரிச் சின்னம் போட்ட தொப்பிகள். என் மகன் கடைசியில் டெக்சஸிலேயே ஒரு சின்ன மூன்றாம் பிரிவுக் கல்லூரிக்குப் போனான். மதிப்பெண்ணுக்காக அவர்கள் கொடுத்தது, அந்த வாக்-ஆன் இடத்தைவிட எங்களுக்கு எவ்வளவோ மேல். மூன்றாம் பிரிவுக்கு ஒப்பந்தம் கிடையாது. கொண்டாட்டத்துக்கென்றே ஒரு படிவம் இருக்கிறது, யாரையும் கட்டுப்படுத்தாது. அதில் கையெழுத்துப் போட்டான், போட்டோ எடுத்தோம்.

அன்றைக்கு மதுரைக்குப் போன் போடவில்லை. ஜூலையில் முதல் ஃபீஸ் பில் வந்து, கழிவுத்தொகையை என் கண்ணால் பார்த்த பிறகுதான் போட்டேன்.