ஒரே பெயரில் இரண்டு துணைத்தலைப்பா? இணைப்பைச் சரியான இடத்தில் கொண்டுபோய் விடுவது எப்படி

வண்டி சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதி வைப்பது என் பழக்கம். போன வருடம், காருக்குக் காப்பீடு எப்போது முடிகிறது என்று பார்க்க நானே போட்டு வைத்திருந்த இணைப்பைத் தட்டினேன். தேதி வந்தது. இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டேன். அது ஸ்கூட்டரின் தேதி. காருக்குக் காப்பீடு முடிந்து அன்றைக்கே ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அந்தக் கோப்பில் ‘காப்பீடு’ என்ற துணைத்தலைப்பு இரண்டு இடத்தில் இருந்ததுதான் வினை. 12-ம் நம்பர் வீடு என்று மட்டும் எழுதினால் தபால்காரர் எந்தத் தெருவில் கொடுப்பார்? தெருப் பெயரையும் எழுத வேண்டும். தலைப்புகளுக்கும் அதேதான்.

நான் பயன்படுத்துவது அப்சிடியன் செயலி. குறிப்புகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக, மார்க்டவுன் முறையில் (தலைப்பு போன்றவற்றைச் சாதாரணக் குறிகளாலேயே காட்டும் முறை), நம் கணினியில் ஒரு கோப்புறைக்குள் வைக்கிறது. நோட்பேடில் திறந்தாலும் படிக்கலாம். செயலியை நிறுவி ஒரு கோப்புறையைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. தலைப்புகளை அடுக்குங்கள்

‘வண்டிகள்’ என்ற பெயரில் புதுக் குறிப்பு ஒன்றைத் திறந்து இப்படி எழுதுங்கள்:

```
# ஸ்கூட்டர்
## காப்பீடு
முடிவு: நவம்பர் 20
## சர்வீஸ்

# கார்
## காப்பீடு
முடிவு: ஆகஸ்ட் 14
## சர்வீஸ்
```

ஒரு ஹாஷ் (#) போட்டால் பெரிய தலைப்பு, இரண்டு போட்டால் அதற்குள் அடங்கும் துணைத்தலைப்பு. இப்படி ஆறு ஹாஷ் வரை போகலாம். மூன்றுக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

ஹாஷுக்குப் பிறகு ஒரு இடைவெளி கட்டாயம். இடைவெளி விடாமல் #கார் என்று அடித்தால் அப்சிடியன் அதைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளாது, குறிச்சொல் (குறிப்புகளை வகைப்படுத்தும் tag) என்று நினைத்துக்கொள்ளும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இதில் மாட்டுவார்கள்.

2. இணைப்பைப் போடுங்கள்

இப்போது ‘இந்த மாத வேலை’ என்று இன்னொரு குறிப்பு. அதில் இரண்டு சதுர அடைப்புக்குறி திறந்தவுடன் உங்கள் குறிப்புகளின் பட்டியல் விரியும். ‘வண்டிகள்’ என்பதை எடுத்து, அதை ஒட்டி ஒரு ஹாஷ் அடியுங்கள். அந்தக் குறிப்பில் இருக்கும் தலைப்புகள் வரிசையாக வரும். (கைப்பேசியில் அடைப்புக்குறியைத் தேடி அலைய வேண்டாம். விசைப்பலகைக்கு மேலே உள்ள பட்டையில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது.)

நான் செய்த தப்பு இது:

```
[[வண்டிகள்#காப்பீடு]]
```

எந்த வண்டியின் காப்பீடு என்று இதில் எங்கேயும் இல்லை. செய்திருக்க வேண்டியது:

```
[[வண்டிகள்#கார்#காப்பீடு]]
```

கோப்பு, மேல்தலைப்பு, துணைத்தலைப்பு. வெளியிலிருந்து உள்ளே போகிற வரிசை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு ஹாஷ். பட்டியலிலிருந்து எடுத்தாலும், நடுவில் ‘கார்’ இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் கையாலேயே சேர்த்துவிடலாம். அப்புறம் தட்டிப் பாருங்கள். ஸ்கூட்டருக்கும் ஒன்று போட்டு, இரண்டும் வெவ்வேறு இடத்துக்குப் போகின்றனவா என்று பார்த்தால்தான் சோதனை முழுமை.

3. நீளத்தைக் குறையுங்கள்

வாக்கியத்துக்கு நடுவில் இத்தனை ஹாஷ் இருந்தால் படிக்கச் சகிக்காது. நிமிர்ந்த கோடு ஒன்று போட்டு, கண்ணில் பட வேண்டிய சொல்லை அதன்பின் எழுதுங்கள்:

```
[[வண்டிகள்#கார்#காப்பீடு|கார் காப்பீடு]]
```

இணைப்புக்கு முன்னால் ஒரு ஆச்சரியக்குறி சேர்த்தால், அந்தப் பகுதியே இங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். தேதியைப் பார்க்க இன்னொரு கோப்புக்குப் போகவே வேண்டாம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன்.

4. பெயர் மாற்றும்போது

‘கார்’ என்பதை ‘பழைய கார்’ என்று நேரடியாகத் திருத்தினால், அதைச் சுட்டும் இணைப்புகள் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். தட்டினால் கோப்பு திறக்கும், ஆனால் உரிய இடத்துக்குப் போகாது. அதற்குப் பதில் தலைப்பின் மேல் வலது சொடுக்கு செய்து, தலைப்பின் பெயரை மாற்றும் கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். இணைப்புகளும் கூடவே மாறும்.

தலைப்புக்குள் ஹாஷ், நிமிர்ந்த கோடு, முக்காற்புள்ளி போன்ற குறிகள் வேண்டாம். இணைப்பு எழுதும்போது அவை தொல்லை கொடுக்கும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டு தனிக் குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் இரண்டையும் வேறு வேறு சொல்லாக எண்ணும் நிரல்கள் இருக்கின்றன. ‘ஔ’ போட வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் அடிப்பது இன்னும் மோசம், அது நிஜமாகவே வேறு சொல். அதனால் தலைப்பைக் கையால் தட்டச்சுவதைவிடப் பட்டியலிலிருந்து எடுப்பதோ, நகலெடுத்து ஒட்டுவதோ நல்லது.

இதே கோப்பைக் கிட்ஹப்பில் போட்டால்?

கிட்ஹப் என்பது நிரல்களையும் கோப்புகளையும் இணையத்தில் வைத்துப் பகிரும் தளம். மேலே சொன்ன வழி அங்கே செல்லாது. கிட்ஹப் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு முகவரி தருகிறது. அதே தலைப்பு மறுபடி வந்தால் பின்னால் எண் சேர்க்கிறது. அதனால் காரின் காப்பீட்டுக்கு இணைப்பு இப்படி வரும்:

```
[கார் காப்பீடு](#காப்பீடு-1)
```

இந்த எண் வரிசையைப் பொறுத்தது. நாளைக்கே ஸ்கூட்டருக்கும் காருக்கும் நடுவில் ‘பைக்’ என்று ஒரு பகுதி எழுதி அதற்குள்ளும் ‘காப்பீடு’ வைத்தால், 1 பைக்குக்குப் போய்விடும், கார் 2 ஆகிவிடும். அங்கே போடுகிற கோப்பாக இருந்தால் துணைத்தலைப்பையே ‘கார் காப்பீடு’, ‘ஸ்கூட்டர் காப்பீடு’ என்று முழுசாக எழுதிவிடுங்கள்.